புதரை அடியோடு வழித்தால் வெள்ளம் வராதா?

"காப்புக்காட்டு ஆற்றோரச் செடிகளை வேரோடு அகற்றினால் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் வெள்ளமே வராது" என்று புலனத்தில் சுற்றும் செய்தி தவறு.

புதர் நீரைத் தடுப்பது உண்மைதான். நீரோட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் சுத்தமான நேர்க்கால்வாயின் உராய்வெண் (நீருக்கு உள்ள தடையின் அளவு) சுமார் 0.03, அடர்புதருக்கு 0.10. அதே ஆழம், அதே சரிவில் மூன்றில் ஒரு பங்கு நீர்கூடப் போகாது. ஆனால் எல்லாச் செடியும் ஒன்றல்ல. புல் பெருவெள்ளத்தில் படுத்துக்கொள்ளும். வளையாத தண்டும் அதில் சிக்கும் செம்பனை மட்டையுமே பெரிய தடை.

வேரைப் பிடுங்கினால் கரை சரிந்து வண்டல் படியும். அகன்ற ஆற்றில் ஆழம் 20 சதவீதம் குறைந்தாலே நீர் கடத்தும் திறனில் ஏறத்தாழ 31 சதவீதம் போய்விடும்!

ஆற்றின் நடுவிலும் மதகு வாயிலும் முளைத்த மரங்களை மட்டும், உரிய அரசுத் துறையின் அனுமதியோடு, தரைமட்டத்தில் வெட்டலாம். கரையோர வேர்களைத் தொடவேண்டாம். வெட்டியதை வெள்ளம் எட்டாத மேட்டில் போடவேண்டும். கரையில் விட்டால் அடுத்த மழையில் அதுவே மதகை அடைக்கும்.