பனியன் சாயம் கார் சீட்டில் பிடிக்காதுங்க

"திருப்பூர்ல பனியனுக்குப் போடற சாயப்பொடியைச் சுடுதண்ணில கரைச்சுத் தேச்சா எந்த சீட்டும் கலர் மாறிரும்"னு மேலே அண்ணன் ஒருத்தர் போட்டிருக்காருங்க. அது தப்புங்ணா. ரியாக்டிவ்னு சொல்ற அந்தப் பனியன் சாயம் பருத்தி மாதிரி நூலோடதான் ஒட்டும், அதுக்கும் சலவை சோடா சேர்க்கோணும். கார் சீட்டுத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அதுக்கு டிஸ்பர்ஸ்னு வேற வகைச் சாயம் வேணும், மில்லுல பிரஷர் மெஷின்ல 130 டிகிரி வரைக்கும் ஏத்தி ஓட்டுவாங்க. வீட்டு வாசல்ல வெச்சு அந்தச் சூடு எங்கிருந்துங்க வரும்? மேலாப்புல நின்னு, வேர்வை பட்டா வெள்ளை வேட்டியில இறங்கீரும். கல்யாணத்துக்குப் போற வண்டின்னா சொல்லவே வேண்டாம்.

வினைல் பூசின ரெக்சினா இருந்தா அது சாயத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. வினைலுக்குன்னே விக்கற ஸ்பிரே பெயிண்டை, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தொடச்சிட்டு, மெல்லிசா நாலஞ்சு பூச்சு அடிக்கோணும். தோல் சீட்டுக்குத் தனி நிறப்பூச்சு, மேல நிறமில்லாத ஒரு கிளியர் கோட் பூச்சு. கறுப்பைச் சந்தன நிறமாக்க எந்தச் சாயத்தாலும் முடியாது, மறைக்கற பூச்சுதான் வழி. கிழிஞ்ச சீட்டுக்கு அதுவும் வீண் செலவு, புதுக் கவர் தச்சுப் போட்டுக்கங்க.

சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருந்தா அந்தத் தையல் மேல மட்டும் எதையும் பூசாதீங்க.