வயிற்றுவலி என்று சொல்லி மூடிய கதை

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தை இறந்தாள். தீராத வயிற்றுவலி என்றார்கள். பேப்பரிலும் இரண்டு வரி அப்படித்தான் வந்ததாம். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை. பட்டாசாலைச் சுவரில் தாத்தா, ஆச்சி, பெரியப்பா எல்லாரும் மாலையோடு இருக்கிறார்கள். அவள் இல்லை.

போன வாரம் ஆரல்வாய்மொழியில் அம்மை வீட்டில் தங்கியிருந்தபோது, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 'ஆல் தி பியூட்டி அண்ட் தி பிளட்ஷெட்'. லாரா பாய்ட்ரஸ் இயக்கி, 2022 வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் நேன் கோல்டினைப் பற்றியது. பார்த்த நாளிலிருந்து வேறு எதிலும் மனது ஒட்டவில்லை.

நேனுக்கு 11 வயதாக இருக்கும்போது, 1965-இல், அவளுடைய அக்கா பார்பரா தற்கொலை செய்துகொண்டாள். அக்காவுக்கு 18 வயது. அடங்காத பெண் என்று பெற்றோர் அவளை ஒரு காப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போலீஸ் வந்து நிற்கும்போது தாய் சொல்கிறாள், பிள்ளைகளிடம் விபத்து என்று சொல்லிவிடுங்கள் என்று. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கோ அமெரிக்காவில் ஒரு வீடு. அங்கேயும் அதே வயிற்றுவலிதான்.

இனி என் வாழ்க்கையில் நடந்ததை வேறு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காகவே நேன் கேமராவைக் கையில் எடுத்ததாக எனக்குப் படுகிறது. தோழிகள், காதலர்கள், பெண் வேடமிடும் ஆண்கள், போதையில் கிடந்தவர்கள், அழுதவர்கள் என்று கூட வாழ்ந்த எல்லாரையும் எடுத்தாள். சுமார் 700 படங்களை ஸ்லைடுகளாக்கி, பாட்டுகளோடு சேர்த்து நியூயார்க் மதுக்கூடங்களில் ஓட்டிக் காட்டினாள். 1984-இல், காதலன் அடித்து ஒரு மாதம் கழித்துத் தன்னையே எடுத்த படம் ஒன்று உண்டு. கண் ரத்தம் கட்டிக் கிடக்கிறது. உதட்டில் சிவப்புச் சாயம், கழுத்தில் மாலை, நேராக நம்மைப் பார்க்கிறாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வரும் பெண்களை நம் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் சேர்த்து எடுத்த படம் போல இருந்தது எனக்கு.

எய்ட்ஸ் வந்து நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்தபோதும் அவள் ஒதுங்கவில்லை. அந்த நோயைப் பற்றி 1989-இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தாள். அரசின் கலை நிதியம் அதற்கான பணத்தை நிறுத்தப் பார்த்தது. இந்தப் பகுதியைப் படம் இன்னும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை.

பிறகு வருவது பெரிய சண்டை. கையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்காகக் கொடுத்த ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு அவள் அடிமையாகிவிடுகிறாள். அதைத் தயாரித்தது சாக்லர் குடும்பத்தின் பர்டூ ஃபார்மா. 1996-இல் சந்தைக்கு வந்தபோது, இதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். 1999-க்கும் 2019-க்கும் நடுவே அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்தும் போதைப்பொருளும் அளவு மீறிச் செத்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அந்தக் குடும்பத்தின் பெயரோ உலகத்தின் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் கொடையாளி என்று செதுக்கப்பட்டிருந்தது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள எந்த விளக்கமும் வேண்டாம். கோயில் டியூப்லைட்டிலிருந்து சர்ச் பெஞ்சு வரைக்கும் 'உபயம் இன்னார்' என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று கேட்டவரை ஊர் எப்படி நடத்தும் என்பதும் தெரியும். நேன் அதைத்தான் கேட்டாள். 2017-இல் சாக்லர் குடும்பத்தை எதிர்த்து 'பெயின்' என்ற குழுவைத் தொடங்கினாள். 2018 மார்ச்சில் நியூயார்க்கின் 'மெட்' என்கிற மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சாக்லர் பகுதிக்குள் போய், அங்கிருக்கும் குளத்தில் மாத்திரைக் குப்பிகளை வீசிவிட்டுச் செத்தவர்கள் மாதிரி தரையில் படுத்தார்கள். அவளுடைய படங்களை அதே அருங்காட்சியகம்தான் வாங்கி வைத்திருக்கிறது. ஒரு கலைஞர் தன்னை ஏந்தி நிற்கும் கையிடமே கேள்வி கேட்பது சின்ன விஷயமா? 2019-இல் பாரிஸின் லூவர் அந்தப் பெயரை எடுத்தது. 2021 டிசம்பரில் மெட்டும் எடுத்தது.

அக்கா கதையும் மாத்திரைச் சண்டையும் ஒட்டவில்லை என்று படம் பார்த்த ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் ஒரு குடும்பம் தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு சாவை மறைக்கிறது. அவள் இரண்டையும் வெளியே எடுத்து வைக்கிறாள். படத்தின் தலைப்பே பார்பராவின் மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்ததுதான். வரும் காலத்தையும், எல்லா அழகையும், சிந்தும் ரத்தத்தையும் அவள் பார்க்கிறாள் என்று எழுதியிருந்திருக்கிறார்கள்.

அழகும் ரத்தமும் என்று கேட்டவுடன் எனக்கு வில்லுப்பாட்டுதான் வந்தது. முப்பந்தல் இசக்கி அம்மனைக் கும்பிடுகிற ஊர்க்காரி நான். நம்பிப் போன பெண்ணை, மடியில் தூங்குகிறவளை, நகைக்காகக் காட்டில் கல்லைப் போட்டுக் கொன்றான் ஒருவன். அவள் பழிவாங்கும் பேயாக, நீலியாகத் திரும்பி வருகிறாள், கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. கோயில் கொடைத் திருவிழா ராத்திரியில் வீசுகோல் வில்லில் விழ, குடமும் உடுக்கையும் சேர, கொன்றவன் யார், எப்படிக் கொன்றான் என்று ஊர் கூடி உட்கார்ந்து கேட்கிறது. யாரும் அதை வயிற்றுவலி என்று மாற்றிப் பாடுவதில்லை. கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-இல் மறைந்த பூங்கனி அம்மா போன்ற பெண்கள் வில்லுக்கு முன் உட்கார்ந்து பாடிய கதைகள் இவை. கொலையுண்ட பெண்ணுக்குப் பீடம் போட்டு, பொங்கல் வைத்து, கதையை முழுசாகப் பாடத் தெரிந்த இதே ஊரில்தான் சொந்த வீட்டுப் பெண்ணின் சாவை இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

வில்லுப்பாட்டுப் பெண்களைப் பற்றியும் இப்படி ஒரு படம் வர வேண்டும் என்று ஆசை. விருது வாங்குவதையும் கண்ணீரையும் மட்டும் காட்டும் படம் வேண்டாம். ஒரு ராத்திரிப் பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள், யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். பார்பராவைப் பற்றிச் சொன்னேன். அம்மை ஒன்றும் பேசவில்லை. கீரையை எல்லாம் உருவி முடித்த பிறகு, முறத்தைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு வயித்துவலி ஒண்ணும் கெடையாது மக்கா" என்றாள்.

அன்றைக்கு அவ்வளவுதான். ஆடி மாசம் மறுபடியும் ஊருக்குப் போகிறேன். அத்தையின் படம் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று கேட்க வேண்டும்.