செய்தியில் குற்றவாளி, மருந்துப் பரிசோதனையில் ஆளே காணோம்

கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்கிற பாணியில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. கீழே கமெண்டில் யாராவது ஓர் அம்மா, "எனக்கு ஐந்தாம் மாதம் ஃபுளூ வந்தது, அதனால்தானா?" என்று கேட்டிருப்பார். பதில் சொல்ல ஆள் இருக்காது. இந்தச் செய்திகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆய்வாளர்கள் மேலும் கொஞ்சம் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தொற்று கருவைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்திருந்ததை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டுசொன்னார். ஸிகா வைரஸால் பிரேசிலில் குழந்தைகள் சிறிய தலையோடு பிறந்ததைப் பார்த்தோம். இங்கெல்லாம் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையையே தாக்குகிறது.

சர்ச்சை இன்னொரு கருத்தில். கிருமி குழந்தையைத் தொடவே வேண்டாம், தாயின் உடலில் கிளம்பும் அழற்சியே (கிருமியை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினை) கருவின் மூளை வளர்ச்சியைத் திருப்பிவிடும் என்பது அது. சினை எலிக்கு, வைரஸ் வந்துவிட்டதாக உடலை நம்பவைக்கும் ஒரு செயற்கைப் பொருளை ஊசி போடுவார்கள். பிறக்கும் குட்டிகளின் நடத்தை மாறியிருக்கும். அழற்சியில் பங்கெடுக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைத் தடுத்தால் அந்த மாற்றம் வருவதில்லை என்று 2007இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பால் பேட்டர்சனின் குழு காட்டியது. 2016இல் இன்டர்லூக்கின்-17ஏ என்ற இன்னொரு புரதமும் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தாய் எலியின் குடலில் ஒரு குறிப்பிட்ட வகை பாக்டீரியா இருந்தால்தான் இந்த விளைவே வருகிறதாம். வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய அதே இன எலிகளின் குடலில் அது இல்லை, குட்டிகளும் இயல்பாக இருந்தன. கூண்டு எலியிலேயே இத்தனை 'ஆனால்' இருக்கும்போது, மனுஷியைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு எழுத எப்படி மனசு வருகிறது?

மனிதர்களில் பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடனில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தில் கடும் தொற்று வந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்று அதிகம்தான். ஆனால் கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் தொற்று வந்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய அதே அளவு. கருவே இல்லாத நேரத்தில் வந்த தொற்று கருவை எப்படித் தொட்டிருக்கும்? ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒப்பிட்டபோது தொடர்பு இன்னும் தேய்ந்துபோனது. ஆக, குடும்பத்தில் ஓடும் வேறு ஏதோ ஒன்று தொற்று, ஆட்டிசம் இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அறிவுத்திறன் குறைபாட்டில் மட்டும் தொடர்பு அவ்வளவு எளிதில் கரையவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. இந்த ஆய்வு எத்தனை பேரின் டைம்லைனில் வந்தது? என்னுடையதில் வரவில்லை.

(நடுவில் ஒன்று. அழற்சியே விஷம் என்று பொடியும் கஷாயமும் விற்பவர்களை நம்பாதீர்கள். கரு கருப்பையில் ஒட்டுவதற்கும் பிரசவ வலி எடுப்பதற்கும் அழற்சி தேவை.)

சரி, ஆய்வாளர்கள் மேல் உள்ள கோபம். தாய்க்கு வந்த தொற்றால் என்ன கெடும் என்று தேடும் ஆய்வுகள் குவிகின்றன. கர்ப்பிணிக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று பரிசோதிப்பவை சொற்பம். 2020இல் கொரோனா தடுப்பூசியின் பெரிய பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. கொரோனா வந்த கர்ப்பிணிகள் தீவிர சிகிச்சைக்குப் போகும் ஆபத்து மற்ற பெண்களைவிட அதிகம் என்று தெரிந்த பிறகும், ஊசி போடலாமா என்ற முடிவை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ஒதுக்கிவைத்ததால் யாருக்குப் பாதுகாப்பு?

பரிசோதிக்காமல் ஊகத்தில் மருந்து கொடுப்பதும் ஆபத்துதான். குறைமாதப் பிரசவத்துக்குப் பின்னால் பல நேரம் கருப்பைத் தொற்று இருக்கிறது. அப்படியென்றால் ஆன்டிபயாடிக் கொடுத்தால் தடுக்கலாமே என்று தோன்றும். ஆரக்கிள் என்ற பெரிய பரிசோதனையின் முடிவு 2001இல் வந்தது. பனிக்குடம் உடையாமல் முன்கூட்டியே வலி எடுத்த, தொற்று அறிகுறி இல்லாத பெண்களுக்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. அத்தோடு கோப்பை மூடாமல் குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தார்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளில் 3.3 சதவீதம் பேருக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு), கொடுக்கப்படாதவர்களில் 1.7. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தவர்களுக்கோ அதே எரித்ரோமைசின் நன்மை செய்தது, அதனால் அதை இன்றும் கொடுக்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரிந்திருக்கும்? (இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்றைக் கட்டாயம் குணப்படுத்த வேண்டும்.)

எனக்கு வேண்டியது 2023இல் வந்த, அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிய ஆய்வு மாதிரி இன்னும் நிறைய. பிரசவ வலியில் இருந்த சுமார் 29,000 பெண்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து ஒரே வேளை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. தாய்க்கு ரத்தத்தில் நஞ்சேறுவதோ மரணமோ 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு அதனால் பலன் கிடைக்கவில்லை என்பதையும் அதே கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.