ஃபிளெக்ஸில் என்ன போடலாம்?

(பெண்ணின் அப்பா நடராஜன் கல்யாண ஃபிளெக்ஸுக்கு வாசகம் யோசிக்கிறார். எதிரே தாளும் பேனாவுமாக மைத்துனர் சேகர்.)

நடராஜன்: எழுது மச்சான். "ஆடம்பரத் திருமண விழா!"

சேகர்: வடமொழியில் ஆடம்பரம் என்பது ஒருவகை முரசு, அத்தான். யானை பிளிறுவதற்கும் அதே சொல்தான்.

நடராஜன்: சம்பந்தி பேசுவதைக் கேட்டிருக்கிறாய் போல. சரி, "கோலாகலம்"?

சேகர்: கூச்சல் குழப்பம்.

நடராஜன்: "அட்டகாசம்"?

சேகர்: பலத்த சிரிப்பு. ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று நாமே எதற்கு அச்சடிக்க வேண்டும்?

நடராஜன்: எல்லாச் சொல்லும் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது?

சேகர்: பார்ப்பவன் நாலு பேர், கேட்பவன் நாற்பது பேர். குழாய் ஒலிபெருக்கி எதற்குக் கட்டுகிறோம்?

நடராஜன்: சத்தம் இல்லாமல் ஒன்று சொல். "படாடோபம்"?

சேகர்: அது பாம்பு படமெடுப்பது. விஷமில்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரிக்க வேண்டும் என்று பஞ்சதந்திரத்தில் சுலோகமே உண்டு.

நடராஜன்: (பாஸ்புக்கை ஒரு பார்வை பார்த்து) நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. டாம்பீகம்?

சேகர்: வேண்டவே வேண்டாம். அது தம்பம் என்ற சொல்லிலிருந்து வந்தது. தம்பம் என்றால் பாசாங்கு.

நடராஜன்: வடமொழிச் சகவாசமே வேண்டாமப்பா. நல்ல தமிழில் போடு. "அமர்க்களமான திருமணம்!"

சேகர்: அத்தான்... அமர் என்றால் போர்.

நடராஜன்: களம்?

சேகர்: களம்தான்.

நடராஜன்: சீர்வரிசை பேசின அன்று உன் அக்காவையும் சம்பந்தியம்மாளையும் பார்த்தேனே, சரியான சொல்தான். ஆனால் இதற்கு என்ன ஆதாரம்?

சேகர்: 1027-ஆவது குறள். "அமரகத்து வன்கண்ணர் போலத் தமரகத்தும் ஆற்றுவார் மேற்றே பொறை." போர்க்களத்தில் பாரமெல்லாம் வீரன் தலையில், அதுபோல...

நடராஜன்: ஏன் நிறுத்திவிட்டாய்? சொல்லு.

சேகர்: (மெதுவாக) அதுபோல, குடும்பத்திலும் யாரால் முடியுமோ அவர் தலையில்.

நடராஜன்: வள்ளுவரே சொல்லிவிட்டார்! மண்டபத்துக்கு இன்னும் பாதி வாடகை பாக்கி. உன் சீட்டுப் பணம் போன வாரம் வந்துவிட்டதாம், அக்கா சொன்னாள்.

சேகர்: அத்தான், "எளிய முறையில்" என்று போட்டால் எழுத்தும் குறையும், ஃபிளெக்ஸ் செலவும் மிச்சம்!