படிக்கிற பையன் மம்பட்டியைத் தொடக்கூடாது

பெருந்துறையிலிருந்து காங்கேயம் வரை எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும்: "படிக்கிற பையனை வேலைக்கு ஏவாதீங்க." தண்ணீர் கட்டுவதும், மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போடுவதும், தறி ஓட்டுவதும் பெற்றவர்களோடு நின்றுவிடுகின்றன. உடம்பு நோக உழைத்த தலைமுறைக்குப் படிப்பு என்பது அந்த உழைப்பிலிருந்து கிடைக்கிற விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாசமே, உடம்பை அசைப்பது படிப்புக்குக் கேடு என்ற நம்பிக்கையாக இறுகிப் போயிருப்பதை, 18 ஆண்டுகளாகப் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிற நான் தினமும் பார்க்கிறேன்.

பிளஸ் டூவில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது ஊரறிந்த கதை. (நானும் கணக்கு வாத்தியார்தான், கல்லூரிக்கு வருமுன் பள்ளியில் இருந்த 2 ஆண்டுகளில் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.) கல்லூரியிலோ பறிப்பதற்கு அந்தப் பீரியடே கிடையாது. கோபியில் காலை 7 மணிக்குக் காலேஜ் பஸ் ஏறுகிற பையன் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிறது. இடைப்பட்ட நேரமெல்லாம் பஸ் சீட், பெஞ்ச், கேன்டீன் நாற்காலி. விடுதிப் பெண்களின் நிலை இன்னும் மோசம். வகுப்பு நாலரைக்கு முடிந்து 6 மணிக்கு கேட் பூட்டப்படுகிறது. இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரமும் மைதானம் டீமில் ஆடும் பையன்களிடம் இருக்கிறது.

ஓடினால் மதிப்பெண் ஏறும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சுறுசுறுப்பான மாணவன் நன்றாகப் படித்தால், ஓட்டம் படிப்பைக் கொடுத்ததா, இரண்டையும் ஒரே ஒழுங்கு கொடுத்ததா என்று பிரித்தறிவது கடினம். ஆனால், விளையாடினால் படிப்பு கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் பள்ளி மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, உடல் இயக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே கண்ட 251 தொடர்புகளில் பாதி சாதகமாக இருந்தன, கிட்டத்தட்ட மறுபாதி எந்தப் பக்கமும் சாயவில்லை, பாதகமானவை 1.5 சதவீதமே. 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களின் மூளையில் நினைவாற்றலுக்குத் துணை நிற்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. அவர்கள் 55 வயதைத் தாண்டியவர்கள் என்பதால் அதை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்த மாட்டேன். 18 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் மலையளவு இல்லை: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான இயக்கம், அதாவது 5 நாள், நாளுக்கு அரை மணி நேர விரைவு நடை.

சென்ற பருவத்தில் எனக்கு மதியம் 1.40 மணி வகுப்பு. சாப்பிட்டு வந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்ததும் கடைசி 3 வரிசைகளில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லோரையும் எழுப்பி, 4 மாடிப் படிகளையும் 2 முறை ஏறி இறங்கச் சொன்னேன். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவர்களிடம் லாப்லாஸ் உருமாற்றக் கணக்கொன்றைக் கொடுத்தபோது, அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்ச் பையன் நான் போர்டில் விட்ட மைனஸ் குறியைச் சுட்டிக்காட்டினான். இதை ஆய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தப் பருவம் முழுவதும் அப்படியே செய்தோம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு விவசாயி என்னைத் தனியாக நிறுத்தி, "ஏனுங்க சார், ஆடறதுக்கும் ஏறறதுக்குமா ஃபீஸ் கட்டியிருக்கறம்?" என்று கேட்டார். மகனுக்கு 3 அரியர் இருப்பதும், இரவு 2 மணி வரை அவன் கையில் போன் இருப்பதும் அவருக்குத் தெரியும். பதிலுக்கு அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரிங்க" என்றவர், சற்றுநேரம் பேசாமல் மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

1930-ல் கல்வியாளர் அவிநாசிலிங்கம் தொடங்கிய, கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே மாருதி கல்லூரி இருக்கிறது. அப்படிப்பட்ட கொங்கு மண்ணில், டீமில் இல்லாத சாதாரண மாணவனுக்கும் மாணவிக்கும் கால அட்டவணையில் தினமும் அரை மணி நேரம் கேட்பது பேராசை அல்ல. எங்கள் துறைக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கேட்டேன். விடுதி கேட்டை ஏழரை வரை திறந்து வைக்கவும் சேர்த்துக் கேட்டிருந்தேன். "பஸ் டைம் மாறும்ங்க சார், பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த பருவத்தின் அட்டவணை ஒட்டப்பட்டுவிட்டது, மதியம் 1.40 வகுப்பு மறுபடியும் எனக்குத்தான்.