பணம் கட்டிய வீட்டில் ஆட்டம் ஏன் இருள வேண்டும்?

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை காலை. ஹைதராபாத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்த அப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். டெல்லியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிக்கொண்டிருந்த டெஸ்டின் இரண்டாம் நாள் அது. முந்தைய நாள் லபுஷேனையும் ஸ்மித்தையும் அஷ்வின் ஒரே ஓவரில் வீழ்த்திய மகிழ்ச்சி அவருக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை. "டேய், மேட்ச் சேனல் வரலைடா. ஏதோ எழுத்து மட்டும் நிக்குது. பாக்ஸை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

பாக்ஸில் ஒரு பழுதும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 நவம்பரில் திருத்திய கட்டண விதிகள் அந்தப் பிப்ரவரி முதல் தேதியில் நடைமுறைக்கு வந்தன. அதையொட்டிப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் விலையை உயர்த்தின. அந்தச் சுமை கடைசியில் சந்தாதாரர் தலையில்தான் விழும் என்று சொல்லிப் பல கேபிள் நிறுவனங்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தன. கையெழுத்திடாதவர்களுக்கு ஒளிபரப்பு நிறுவனங்கள் சிக்னலை நிறுத்திவிட்டன. நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. அந்த நாலரைக் கோடியில் ஒரு வீட்டில்தான் எழுபது வயதைக் கடந்த என் அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு விக்கெட்டுக்கு 61 என்ற நிலையில் தொடங்கிய ஆஸ்திரேலியா 113 ரன்னுக்குள் சுருண்டது. ஜடேஜா 42 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். அப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதனால் சென்னையிலிருந்து நான் என் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பந்தாகச் சொன்னேன். ஸ்மித் ஸ்வீப் ஆடப்போய் அஷ்வினிடம் எல்.பி.டபிள்யூ. ஹேண்ட்ஸ்கோம்ப் அவுட், அடுத்த பந்திலேயே கம்மின்ஸ் போல்டு. "பந்து தாழ்ந்து வருதா? ஸ்லிப்ல யார் நிக்கிறா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். இளமையில் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக் களத்தை மனத்துக்குள் வரைந்துகொண்ட மனிதர் அவர். அவருக்கு அந்த அளவுக்கு விவரம் சொல்ல எனக்குத் தெரியவில்லை என்பது இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆட்டம் அன்றே முடிந்துவிட்டது. சேனல்கள் திரும்பி வந்ததோ அதற்கடுத்த வாரத்தில்தான்.

இரு நிறுவனங்கள் விலை பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பேரத்தில் அழுத்தம் கொடுக்கும் கருவியாக, மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்ட வீட்டை எப்படிப் பயன்படுத்த முடிகிறது என்பதே என் கேள்வி. முக்கியமான தொடர் நடக்கும் நேரத்தில்தான் சந்தாதாரர் கேபிள்காரரோடு சண்டை போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் கோபத்துக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. 2003 செப்டம்பர் 1 முதல், நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை கட்டாயமானது. பாக்ஸ் வாங்காத எங்களைப் போன்ற வீடுகளில் கட்டணச் சேனல்கள் ஒரே நாளில் மறைந்தன. அடுத்த மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனது. ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, அந்தச் சேனலின் முத்திரையோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷனில் ஆட்டம் வந்தது. கராச்சியில் நாம் 349 ரன் குவித்தும் ஐந்தே ரன்னில் வென்ற ஆட்டத்தை அப்படித்தான் பார்த்தோம். கைஃபும் நம் ஹேமங் பதானியும் ஒரே பந்துக்கு ஓடிவர, மோதப்போன நொடியில் கைஃப் பாய்ந்து பிடித்த அந்த கேட்சுக்குத் தெருவே கத்தியது. பணம் கட்ட முடிந்தவர், முடியாதவர் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது மறுபடியும் அதே தகராறு. நாக்பூரில் நடந்த முதல் ஒருநாள் ஆட்டம் தூர்தர்ஷனில் நேரடியாக வரவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம், ஏழு நிமிடத் தாமதத்தோடு ஒளிபரப்பிக்கொள்ள வழி செய்தது. அதன் பிறகுதான் அவசரச் சட்டமும், தொடர்ந்து அதே ஆண்டில் விளையாட்டு ஒளிபரப்பு சிக்னல்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு கட்டாயமாகப் பகிர வேண்டும் என்ற சட்டமும் வந்தன. அது இனாம் கேட்கும் சட்டமும் அல்ல. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது 75 விழுக்காடு உரிமை பெற்ற நிறுவனத்துக்கே போய்விடுகிறது.

இவ்வளவு நல்ல சட்டத்தில்தான் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பகிரப்பட்ட சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும், சந்தா இல்லாத ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் அது போகக்கூடாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூர்தர்ஷனின் குறிப்பிட்ட சேனல்களைக் கேபிளில் கட்டாயம் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது. இந்தியா ஆடும் நாளில் அதே தூர்தர்ஷன் வழியாக வரும் ஆட்டம் கேபிள் வீட்டுக்கு வரக்கூடாது என்று இன்னொரு சட்டத்தின் வாசகம் தடுக்கிறது. தீர்ப்பைக் குறை சொல்வதற்கில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் நீதிபதிகள் படித்தார்கள். எழுதியதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். 2018-ல் அரசே அதற்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே ஒரு கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் பிறந்ததுதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. விலைத் தகராறு நடக்கும் காலத்தில் பழைய விலையிலேயே சிக்னல் ஓடட்டும். தீர்ப்பாயம் பிறகு எந்த விலையைச் சொல்கிறதோ, வித்தியாசத்தை அவர்கள் தங்களுக்குள் முன்தேதியிட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்கென்றே டெல்லியில் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயம் இருக்கிறது. அதையும் மீறிச் சேனல் நின்றால், நின்ற நாட்களுக்கான தொகை யாரும் கேட்காமலே அடுத்த ரீசார்ஜில் கழிய வேண்டும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களாவது கேபிள் வீடுகளிலும் தூர்தர்ஷன் வழியாகத் தெரிய வேண்டும்.

சேனல் திரும்பிய வாரத்தில், பார்க்க முடியாமல் போன நாட்களுக்கான பணத்தை அக்கா கேபிள்காரரிடம் கேட்டார். இருநூறு சேனல்களுக்கான 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், அதற்கு வரி, அதற்கு மேல் விளையாட்டுச் சேனல்களுக்கான விலை என்று எல்லாவற்றையும் மாதத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொண்டவர் அவர். தனக்கே மேலிடத்திலிருந்து எதுவும் வரவில்லை என்று அவர் கையை விரித்தார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். மேலிடத்தின் தொலைபேசி எண் அவரிடமும் இல்லை.