2011-ல் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தாகம் எடுக்குமா?

நேற்றைய வார்டு கூட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "2011 மக்கள்தொகைக் கணக்குப்படி உங்கள் பகுதிக்குப் போதுமான தண்ணீர் வருகிறது" என்றார் மேடையில் இருந்தவர். "நாங்க குடிவந்ததே 2016-லதானுங்க, அப்ப எங்களுக்கு?" என்று ஓர் அக்கா கேட்டார். "அடுத்த கேள்வி" என்று போய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு 2011 என்கிறார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று விதி இருக்கலாம். எத்தனை தலை என்பதே தப்பு என்றால் அந்த 135-க்கு என்ன அர்த்தம்? இன்று இருப்பவர்களை எண்ணுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"2027-ல் அடுத்த கணக்கெடுப்பு எடுக்கப்போகிறார்களே, பொறுக்கக் கூடாதா?" என்று இன்பாக்ஸில் ஒரு நண்பர். 2021-ல் வந்திருக்க வேண்டிய கணக்கு அது. 1941-ல் உலகப்போர் நடக்கும்போதே எண்ணிய நாடு இது. இனி எண்ணி, வார்டு வாரியாக அது வெளிவரும்வரை குழாய் போடாமலா இருப்பார்கள்? இன்றைக்குப் புதைக்கிற குழாய் முப்பது வருடம் மண்ணுக்குள் கிடக்கும்.

"மக்கள்தொகைக் கணிப்பு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2036 வரைக்கும் மாநிலவாரியாகப் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் அதில் என் வார்டு எங்கே இருக்கிறது? மாநிலம் நிதானமாக வளரும். எங்கள் ஊர் பனியன் ஆர்டர் இருந்தால் வீங்கும், இல்லாவிட்டால் வடியும். 2020 ஊரடங்கில் ரயில் ரயிலாகக் கிளம்பிப் போனார்கள், அப்புறம் திரும்பி வந்தார்கள். முந்தின இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் ஒரு கோட்டை இழுத்து நீட்டினால் இது அகப்படுமா? அந்தக் கோடும் சுலபமில்லை. 2011 கணக்கில் மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 4.44 லட்சம் பேர். வேலம்பாளையம், நல்லூர், சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்தால் அதே வருடம் 8.77 லட்சம். எந்த எல்லை என்று சொல்லாமல் வளர்ச்சி விகிதம் பேசுவதில் பொருளே இல்லை. பிறப்புப் பதிவை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். ஆஸ்பத்திரி எந்த ஊரோ அந்த ஊரில்தான் குழந்தை பதிவாகிறது.

அந்த 2011 கணக்கும் எப்படி எடுத்தது தெரியுமா? என் சித்தி ஆசிரியை. அந்த பிப்ரவரியில் கணக்கெடுக்கப் போனார். தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் பகலில் எல்லாக் கதவும் பூட்டு, ஆட்கள் ஷிப்டில். "அங்க யாருமில்லைங்க டீச்சர், வடக்கத்திப் பசங்கதான்" என்றாராம் பக்கத்து வீட்டம்மா. யாருமில்லையாம், பசங்கதானாம்! சித்தி ராத்திரி டார்ச் லைட்டோடு திரும்பப் போய், பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருந்தவர்களை எழுப்பி, கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுதினார். எல்லோரும் அப்படித் திரும்பிப் போயிருப்பார்களா?

கரன்ட் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு எல்லாம் அரசிடமே இருக்கிறது. அதையெல்லாம் சேர்த்துவைத்து ஒரு மதிப்பீடு போடலாம். லைன் வீட்டில் ஒரே மீட்டரில் பல குடும்பம் இருக்கும், சரி, அங்கே நேரில் போய்ப் பாருங்கள்.

"வெளியூர்க்காரனுக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்?" என்று கமென்ட் போட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் தைக்கிற பனியனில்தான் இந்த ஊர் நடக்கிறது. என் அப்பாவும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு துணிப்பையோடு இங்கே இறங்கியவர்தான். அவரையும் இப்படித்தான் பார்த்தீர்களா? வாடகை கொடுக்கிறோம், கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டுகிறோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது மட்டும் நாங்கள் கணக்கில் இல்லாதவர்களா?

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். புது மேல்நிலைத் தொட்டிக்கான மதிப்பீட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறார்கள், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்கப்போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.